மாமா கேட்ட பில்லிங் சந்தேகம்

மாமா விசைப்படகில் மீன் பிடிப்பவர். வலையைச் சரிபார்த்தாயிற்று, போட்டுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு ராமேஸ்வரம் ஜெட்டியில், மாமா தங்கச்சிமடத்தில் என் நாற்காலிக்குப் பின்னால்.

நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். காலையில் டீமோடு ஸ்டாண்ட்-அப் கால். நின்றால்தான் சுருக்கமாகப் பேசுவார்கள், 15 நிமிடத்தில் முடியும் என்று யாரோ புண்ணியவான் கண்டுபிடித்தது. எங்கள் டீமில் பாதிப் பேர் கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் பேசுகிறார்கள். டீ கிளாஸோடு விதிப்படி நிற்பவர் மாமா ஒருவர்தான்.

ஆனால் பேர் புரோகிராமிங்கை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. நானும் கோவை அம்மணியும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்து ஒரே புரோகிராம் கோடை எழுதுவோம். அவர் முதலில், கோடு சரியா என்று சோதிக்கும் டெஸ்ட் ஒன்றை ஃபெயிலாகும்படி எழுதுவார், நான் அது பாஸாகக் கோடு எழுதுவேன், பிறகு கை மாறும். இதை மாமா டீக்கடையில் போய் விளக்கியிருக்கிறார்: "அந்தப் பிள்ளை வேணும்னே தப்பாகுற மாதிரி ஒண்ணு எழுதுது, இவன் சரி பண்றான். அப்புறம் இவன் தப்பாக்குறான், அது சரி பண்ணுது. சாயங்காலம் வரைக்கும் இதே பொழப்பு. ரெண்டு சம்பளம்!"

அதில் தெருவுக்குக் கேட்டது "அந்தப் பிள்ளை" மட்டும்தான். பக்கத்து வீட்டு அக்கா எப்போது பூ வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"அந்தப் பிள்ளை ஏன் தம்பி தினம் உன்னை வையுது?"

"டெஸ்ட் எழுதாம கோடு எழுதினேன்னு வையுதும்மா."

"நம்ம வீட்டுக்கு ஏத்த பிள்ளைதான்."

அம்மணிக்குக் கல்யாணமாகி இரண்டாம் வகுப்பில் பையன் படிக்கிறான் என்று சொன்ன பிறகு, அன்று குழம்பில் உப்பே இல்லை.

நேற்றுதான் உச்சம். கிளையன்ட் சென்னைக் கம்பெனி. மணிக் கணக்கில் பில் போடுகிறோம், ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பேர் மணி என்று அவர்களுடைய தலைவர் கேட்டார். எங்கள் மேனேஜர், இந்த ஜோடி முறையைப் பரப்பிய கென்ட் பெக்கில் ஆரம்பித்தார். யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்து ஆய்வு செய்தார்களாம். ஜோடியாக எழுதினாலும் உழைப்பு இரட்டிப்பாகவில்லை, சுமார் 15 சதவீதம்தான் கூடியது, பிழையும் குறைந்தது என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டார். பாவம், உண்மையைத்தான் சொன்னார். என் மைக் அப்போது ஆனில் இருந்தது.

"அதான! ரெண்டு ஆளு உட்கார்ந்தா நூறுல்ல கூடணும்? பதினஞ்சுங்கிறாரு!"

எல்லாச் சதுரங்களிலும் அமைதி. கிளையன்ட் தலைவர், "யார் சார் அது? கரெக்டா பேசுறாரே" என்றார். மாமா என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். ஊர் சொன்னார், தடைக்காலம் சொன்னார், டீசல் விலை சொன்னார், கச்சத்தீவை நோக்கித் திரும்பும்போது நான் இருமினேன். மறுமுனையில், "தடைக்காலத்துல நண்டு கிடைக்காதா சார்?" என்று குரல் குழைந்தது.

"ஏன் கிடைக்காது? நாட்டுப்படகுக்குத் தடை இல்லையே. நீலக்கால் நண்டு இருக்கு. நாளைக்கே ரயில்ல ஏத்திவிடுறேன்."

புதுப் பாம்பன் பாலம் வந்து ரயில் ஓடுவதில் இப்படியும் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய பாலத்தை மூடி வைத்திருந்த காலமாக இருந்தால், மண்டபம் வரை கொண்டுபோக வேண்டுமே என்று சொல்லியாவது தப்பித்திருப்பேன்.

பில்லிங் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. மேனேஜர் தனியாக மெசேஜ் அனுப்பினார்: அடுத்த மாத ரிவ்யூவுக்கும் அங்கிள் இருப்பாரா?

இன்று காலை வாசலில் தெர்மகோல் பெட்டி, ஐஸ், நண்டு, மாமாவோடு கூட்டாளி ஒருவர். ஒருவர் நண்டின் காலைக் கட்ட, இன்னொருவர் ஐஸ் போட. முடிந்ததும் மாமா கை நீட்டினார்.

"ரெண்டு ஆளு கூலி, மருமகனே."

"ஒரு பெட்டிக்கு எதுக்கு மாமா ரெண்டு ஆளு?"

"ஒருத்தனே கட்டிக்கிட்டு இருந்தா ஐஸ் உருகிடும்ல. உனக்கு என்ன தெரியும் இந்த வேலையைப் பத்தி?"

ஜிபே செய்தேன். நண்டுக் காசு தனியாம், அதை அம்மா சாயங்காலம் வாங்கிக்கொள்வாராம். டைம்ஷீட்டில் இந்த இரண்டு மணி நேரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மேனேஜரைக் கேட்டிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.