14 வருடம் ஒயரிங் செய்த பிறகு வாங்கிய சான்றிதழ்

எங்கள் பக்கம் புது வீடு கட்டி முடித்து ஈபி சர்வீசுக்கு எழுதிக் கொடுக்கும்போது, ஒயரிங் வேலை முடிந்தது, சோதித்துப் பார்த்தாயிற்று என்று லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரர் ஒருவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டும். அந்தத் தாளை வருடக்கணக்காக நான்தான் வாங்கிக் கொடுத்து வந்தேன். வீட்டுக்காரரிடம் பணம் வாங்கி லைசென்ஸ்காரரிடம் கொடுப்பேன், அவர் சீல் குத்திக் கொடுப்பார். அந்த வீட்டு வாசலை அவர் மிதித்திருக்கக்கூட மாட்டார். ஒயரிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மெகர் என்ற கருவியை வைத்துப் பார்த்த அளவு என்று தாளில் ஒரு எண் இருக்கும். அவர் மெகரைக் கையில் எடுத்ததில்லை, நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

நான் திருநெல்வேலி மாவட்டத்துக்காரன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு 17 வயதில் ஓர் அண்ணாச்சிக்குக் கையாளாகப் போனேன். சுவரில் காடி வெட்டுவதில் தொடங்கி, பைப் பதித்து, ஸ்பிரிங் விட்டு ஒயர் இழுத்து, நான்கு வருடத்தில் தனியாக வீடு எடுத்துச் செய்யும் அளவுக்கு வந்துவிட்டேன். வேலை சுத்தமாக இருக்கும் என்று ஊரில் பெயரும் உண்டு. ஆனால் அரசாங்கக் கணக்கில் நான் ஒயர்மேனே கிடையாது. அண்ணாச்சியிடமும் எந்தச் சான்றிதழும் இருந்ததில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்டதும் இல்லை.

அதைத் தேடிப் போக வைத்தது ஓர் ஆச்சிக்கு அடித்த ஷாக். நான் ஒயரிங் செய்த வீடுதான். பழைய வீட்டோடு சேர்த்துப் பின்னால் இரண்டு அறை எடுத்திருந்தார்கள், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழியைப் பிறகு தோண்டிக்கொள்ளலாம் என்றார்கள், நானும் சரி என்றுவிட்டேன். கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறது என்று ஆச்சி சொன்னபோது, பிளக் பாயிண்டில் எர்த் ஓட்டையையும், கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டு வந்தேன். அண்ணாச்சி அப்படித்தான் செய்வார். எங்கள் பக்கம் நிறையப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். சுள்ளென்பது அதோடு நின்றும் போனது.

இரண்டு வருடம் கழித்து மெயின் போர்டில் நியூட்ரல் ஒயர் சூடாகி, ஸ்குரூவிலிருந்து விட்டுப்போயிருக்கிறது. லைட் ஸ்விட்ச் ஆனில் இருந்தது. நியூட்ரல் போய்விட்டால் அந்த லைட் வழியாக வரும் பேஸ், அதாவது உள்ளே வரும் கரண்ட், திரும்பிப் போக வழியில்லாமல் வீட்டு நியூட்ரல் முழுவதும் நிற்கும். நான் போட்ட இணைப்பு அதை நேராகக் கிரைண்டரின் உடம்புக்குக் கொண்டுபோய்விட்டது. ஆச்சி ஈரக்கையோடு தொட்டிருக்கிறாள். தூக்கி எறிந்ததில் தோள்பட்டை இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, கரண்ட் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். போர்டைத் திறந்து பார்த்த எனக்குத்தான் என்ன நடந்தது என்று தெரியும். இணைப்பு போட்ட நாளில் அது ஏன் தவறு என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே 14 வருடம் ஊரெல்லாம் வேலை செய்திருக்கிறேன் என்பதை நினைத்து நினைத்துப் பல நாள் தூங்கவில்லை.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, ஒரு கட்டடத்தில் ஒயரிங் வேலை எதையும் மாநில அரசின் லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் நேரடியாக மேற்பார்வை பார்க்க வேண்டும், கை வைப்பவரிடமும் அரசு கொடுத்த அனுமதி இருக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதியாகவே இருந்திருக்கிறது. 2010-இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அதேதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள சட்டம். அதன்படி பார்த்தால் என் வேலை மொத்தமும் தப்பு.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களைக் கொடுப்பது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். டிப்ளமோ, பி.இ. படித்தவர்கள் மேற்பார்வையாளர் சான்றிதழுக்கு எழுதிப் போடலாம். ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படித்தவர்கள் வயர்மேன் சான்றிதழுக்குப் போடலாம். என்னைப் போல வேலையில் நின்றே கற்றுக்கொண்டவர்களுக்கு இருக்கும் வாசல் மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு. அதை நடத்துவது வாரியம் இல்லை, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் 5 வருடத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும், மேல் வயது வரம்பு கிடையாது. இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியவே 31 வயதாகிவிட்டது. பேப்பரில் ஒரு மூலையில் அறிவிப்பு வரும், சில வாரத்தில் கடைசித் தேதி முடிந்துவிடும். முதல் தடவை நான் கேள்விப்பட்டபோது தேதி தாண்டியிருந்தது. அடுத்த அறிவிப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

பரீட்சையைவிடப் பெரிய பாடு அனுபவச் சான்றுதான். 14 வருட வேலை எதற்கும் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அண்ணாச்சி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, இருந்திருந்தாலும் அவர் கையெழுத்து செல்லாது. எப்போதும் போகும் லைசென்ஸ்காரரிடம் போனேன். வீட்டுக்கு இவ்வளவு என்று என்னிடம் வருடக்கணக்காக வாங்கியவர், சான்று என்றதும் ஒரு பெரிய தொகை சொன்னார். கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வரத்தான் இந்தச் சான்றிதழே, அதையும் அப்படியே வாங்குவதா என்று மனசு ஒப்பவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் இன்னொரு ஒப்பந்ததாரர் இருந்தார். ரைஸ் மில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று பெரிய வேலை எடுக்கும்போது என்னையும் நாள் கூலிக்குக் கூப்பிடுவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு கட்டுக் கூலி நோட்டை எடுத்து வந்தார். ஏழு வருடத்து நோட்டு. ஒவ்வொரு வேலையிலும் என் பெயர், தேதி, கொடுத்த கூலி எல்லாம் இருந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். "வருசம் சரியா வருது தம்பி, தாராளமா போடலாம். ஆனா நாலு நாள் எங்கூட வந்து வேலை செய். நீ இப்ப எப்படிச் செய்யிறேன்னு பார்க்காம நான் போட மாட்டேன்" என்றார். போனேன். பத்து பைசா வாங்காமல் ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விண்ணப்பத்தை நிரப்பி, தேர்வுக் கட்டணம் 200 ரூபாயைக் கட்டி எடுத்துக்கொண்டு போனால், பெயர் ஒத்து வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூட டிசியில் தலைப்பெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. நம்மில் பாதிப் பேருக்கு இருக்கிற பிரச்சினைதான். அதற்கு என்ன தாள் கொண்டுவர வேண்டும் என்று ஒரே நாளில் சொல்லியிருந்தால் போதும், மூன்று நாள் அலைந்தேன், மூன்று நாள் கூலி போனது. நீங்கள் போகும் முன்பே டிசி, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

படிக்க உட்கார்ந்தது வேறு அனுபவம். பக்கத்து வீட்டுத் தம்பி ஐடிஐ முடித்தவன், அவனுடைய தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தான், ராத்திரி வந்து சொல்லியும் கொடுத்தான். கை செய்து பழகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் ஒரு சந்தோஷம் உண்டு, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லைட் சர்க்யூட் ஒன்றில் பத்து பாயிண்டுக்கு மேல், 800 வாட்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று அண்ணாச்சி ஒரு கணக்கு வைத்திருப்பார், அது அவர் கணக்கு என்றே நினைத்திருந்தேன், புத்தகத்தில் அப்படியே இருந்தது. எர்த் பைப் ஏன் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது, குழியில் கரியும் உப்பும் ஏன், ஸ்விட்சை ஏன் பேஸில்தான் போட வேண்டும் எல்லாம் படித்தேன். அம்பாசமுத்திரத்துக்காரர் தன் மெகரைக் கையில் கொடுத்துக் காட்டினார். மெயினை ஆஃப் செய்து, பல்பையெல்லாம் கழற்றி, ஸ்விட்சுகளை ஆனில் வைத்து, 500 வோல்ட் மெகரில் பார்க்க வேண்டும். 50-ஐ மொத்தப் பாயிண்டால் வகுத்தால் என்ன வருகிறதோ அத்தனை மெகஓமாவது இருக்க வேண்டும், 25 பாயிண்ட் உள்ள வீட்டுக்கு 2. இவ்வளவுதான். அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்தைத்தான் அத்தனை வீட்டிலும் பணம் கொடுத்துத் தவிர்த்திருக்கிறோம்.

தேர்வன்று அரசு ஐடிஐ வளாகத்தில் என்னைவிட மூத்தவர்கள் நிறையப் பேர். தலை நரைத்த ஒருவர், 30 வருடமாகத் தறிக்கூடங்களுக்கு ஒயரிங் செய்பவராம், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். உள்ளே போனதும் கையில் பிளேயரைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. எனக்கு இரண்டு இடத்திலிருந்து ஒரு விளக்கைப் போட்டு அணைக்கும் மாடிப்படி ஒயரிங்கும், அதோடு ஒரு பிளக் பாயிண்டும் கொடுத்தார்கள். கை தானாக ஓடியது. தேர்வாளர் பக்கத்தில் நின்று ஒயர் நிறத்தையும், முனை சீவுவதையும், பிளக்கில் வலது பக்கம் பேஸ் வந்திருக்கிறதா என்பதையும் பார்த்தார். பிறகு கேள்வி. ஷாக் அடித்தவரை முதலில் என்ன செய்வாய், எம்சிபிக்கும் ஃபியூசுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் தடிமன், ஏன் நீளம் என்றார். தடிமனுக்குச் சொல்லிவிட்டேன், மற்ற ஓட்டையில் நுழையக் கூடாது என்பதற்காக. நீளத்துக்குப் பதில் தெரியவில்லை. அவரே பொறுமையாகச் சொன்னார்: "சொருகும்போது முதல்ல எர்த் சேரணும், உருவும்போது கடைசியா விடணும். கரண்ட் இருக்கிற நேரம் பூரா உடம்புக்கு எர்த் இருக்கணும்ல." எத்தனை ஆயிரம் பிளக் மாட்டியிருப்பேன்.

தேர்ச்சி பெற்றேன். அந்தத் தேர்ச்சிச் சான்றை வைத்து மறுபடியும் கிண்டி வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு பாஸானால் தானாக வந்துவிடும் என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அதைக் கவனியுங்கள். மாதங்கள் கழித்து உதவியாளர் சான்றிதழ் வந்தது. உதவியாளர் என்ற சொல் முதலில் கொஞ்சம் குத்தத்தான் செய்தது. தனியாக இத்தனை வீடு செய்தவனுக்கு உதவியாளரா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனால் நான் மேலே சொன்ன இணைப்பைப் போட்ட கை இது, அதற்கு இந்தப் படியிலிருந்து தொடங்குவது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. இப்போதும் என்னால் ஈபிக்குக் கொடுக்கும் அந்தத் தாளில், டெஸ்ட் ரிப்போர்ட்டில், கையெழுத்துப் போட முடியாது. அம்பாசமுத்திரத்துக்காரரிடம்தான் வேலை. அவர் வந்து பார்த்து மெகர் வைத்த பிறகுதான் கையெழுத்து.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து அதைக் காட்டு என்று எந்த வீட்டுக்காரரும், எந்த இன்ஜினீயரும் கேட்கவில்லை. தாளுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் பெயரோடு, உண்மையில் ஒயர் இழுத்தவரின் பெயரும் சான்றிதழ் எண்ணும் எழுத வேண்டும் என்று வைத்தால், ஒரே வருடத்தில் ஐடிஐ வாசலில் கூட்டம் நிற்கும் என்பது என் எண்ணம். கூலிக்குப் போகும் தம்பிகள் இன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு, எந்த வேலை, யாரிடம், எந்தத் தேதி என்று எழுதி, முடிந்தால் லைசென்ஸ்காரரிடம் மாதம் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். எனக்கு அடுத்தவர் நோட்டு இருந்ததால் தப்பித்தேன்.

சான்றிதழ் வந்த வாரம் ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஒப்பந்ததாரரும் வந்தார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொல்லையில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை ஒயர் இழுத்தேன். பழைய இணைப்புகளை எடுத்துவிட்டு மெயினில், கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டினோம். ஆன் செய்ததும் ட்ரிப் ஆனது. மறுபடி போட்டால் மறுபடி ட்ரிப். சாயங்காலம் வரை ஒவ்வொரு பாயிண்டாகத் தேடினோம். மாட்டுத் தொழுவத்தில் ஒரு பிளக், தண்ணீர் மோட்டாருக்காக நானே போட்டது, அதிலும் அதே இணைப்பு இருந்தது, போட்டதையே மறந்திருந்தேன். அதை வெட்டி எடுத்ததும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகாமல் நின்றது.

"ஆச்சி, கிரைண்டரைப் போடுங்க" என்றேன்.

அவள் பக்கத்தில் வரவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "நீ மொதல்ல தொடுய்யா" என்றாள்.

கையை நனைத்துக்கொண்டு தொட்டேன்.