டார்ச் லைட்டுக்குள் இருக்கும் 18650

டார்ச் லைட்டில் போடும், 18650 என்ற அளவுப் பெயர் கொண்ட உருளை வடிவ லித்தியம் அயான் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்துவிடுவதையே பலரும் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில், 4.2 வோல்ட் நிறைந்த நிலையில், அதுவும் வெயிலில் நிற்கும் காருக்குள், மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரிதான் விரைவில் கொள்ளளவை இழக்கிறது. நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதானால், ஏறத்தாழ 3.7 வோல்ட்டில், வெப்பம் படாத இடத்தில் வைப்பதே நல்லது. வெளிச்சம் மங்கிய பிறகும் விடாமல் எரியவிட்டு, 2.5 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கிவிட்ட பேட்டரியை மறுபடி சார்ஜில் போட நான் துணியமாட்டேன்.

இவற்றைவிட நான் உற்றுப் பார்ப்பது மேலுறையைத்தான். நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட உலோக உடல் முழுவதும் எதிர்முனை என்பதால், அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை விளிம்பருகே நகக்கீறல் அளவு கிழிந்திருந்தாலும் ஷார்ட் சர்க்யூட் ஆக வழியுண்டு. உதிரிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்; அதற்கென்றே பிளாஸ்டிக் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன.