மூன்று முறை அழைக்கும் பெயர்

போரில் இறந்த அமெரிக்க மரைன்களுக்கு (கடலிலும் கரையிலும் போரிடும் படையினர்) அவர்களுடைய படைப்பிரிவான பட்டாலியனே முகாமில் நடத்தும் அஞ்சலி நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிடும், ஏற்பாடுதான் இழுக்கும். பேச்சுகளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கூடப் பணியாற்றியவர் மூன்று நிமிடம் பேசினால் போதும். கமாண்டர் அதைவிடச் சுருக்கமாகப் பேசினால் இன்னும் நல்லது.

மேடையில் வைப்பவை நான்கு: பூட்ஸ், பயனெட் (முனையில் பொருத்தும் கத்தி) மாட்டித் தலைகீழாக நிறுத்திய ரைஃபிள், அதன் பின்கட்டைமேல் ஹெல்மெட், கைப்பிடியில் தொங்கும் டாக் டேக் (வீரரின் பெயர் பொறித்த உலோகத் தகடு). உலகப் போர்களில், இறந்தவர் கிடக்கும் இடத்தைக் காட்ட அவர் துப்பாக்கியையே மண்ணில் நட்டுவைத்த வழக்கத்தின் தொடர்ச்சி இது. மேடையில் மண் கிடையாது என்பதுதான் சிக்கல். எம்16 ரைஃபிள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், பயனெட்டின் அலகு சுமார் 20 செ.மீ. உச்சியில் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் ஏறியதும் பாரமெல்லாம் மேலே போய்விடும். ஒற்றைப் பலகையில் துளை போட்டுச் செருகினால் ஆடத்தான் செய்யும். 15 செ.மீ. உயரத்தில் பெட்டி அடித்து, மேல்பலகை, அடிப்பலகை இரண்டிலும் அலகின் அளவுக்குப் பிளவு வெட்டி, உள்ளே மணல் மூட்டை திணித்தால் அசையாது. குட்டையான எம்4 ரைஃபிள் என்றால் இன்னொரு தொல்லை: பின்கட்டை சிறியது, ஹெல்மெட் ஒருபக்கமாகச் சரியும். ஹெல்மெட்டின் உள்பட்டையோடு சேர்த்து பாராகார்டால் (மெல்லிய நைலான் கயிறு) கட்டி, முடிச்சு வெளியே தெரியாமல் மறைக்க வேண்டும்.

காற்றை மட்டும் கணக்குப் போட்டுச் செய்த பீடம் கடைசி கட்டத்தில் கவிழும். நிகழ்ச்சி முடிந்ததும் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து மண்டியிடுவார்கள். ஹெல்மெட்டில் கைவைத்து, டேக்கைப் பிடித்துக்கொண்டு, சிலர் முழு உடலையும் சாய்த்தே அழுவார்கள். ஒத்திகையில் பட்டாலியனிலேயே கனமான ஆளைச் சாயவிட்டுப் பார்ப்பது நல்லது. சுட முடியாதபடி ரைஃபிளின் போல்ட்டை முன்னமே ஆயுதக் காப்பாளர் கழற்றி வைத்துவிட வேண்டும். டேக்கைப் புதிதாக அடிப்பதானால் பெயரின் எழுத்துகளைப் பதிவேட்டோடு ஒருமுறை, குடும்பத்தாரோடு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

நிகழ்ச்சியின் உயிர் ரோல் காலில், அதாவது பெயர் சொல்லி வருகை எடுப்பதில் இருக்கிறது. அணியின் மூத்த சார்ஜென்டான ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் முதலில் உயிரோடிருக்கும் இரண்டு மூன்று பேரை அழைப்பார், "இருக்கிறேன், ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்!" என்று பதில் வரும். பிறகு இறந்தவரின் பெயர். பதவியும் குடும்பப் பெயரும், அடுத்து முதற்பெயரும் சேர்த்து, மூன்றாவது முறை முழுப்பெயர். ஒவ்வொன்றுக்கும் நடுவே பதில் வருவதற்கான நேரம் விட வேண்டும். பதற்றத்தில் இந்த இடைவெளியைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். அதே குடும்பப் பெயர் உள்ள இன்னொருவர் அணியில் இருந்தால் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குடும்பத்தாரிடமும்தான். தெரியாமல் வந்து உட்கார்ந்த தாய்க்கு அந்த மூன்றாவது அழைப்பு பெரும் கொடுமை.

இழப்பு பெரிதானால் இந்த முறை தாங்காது. 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட் படைமுகாம் குண்டுவெடிப்பில் இறந்த 241 அமெரிக்கர்களில் 220 பேர் மரைன்கள். ஆளுக்கு இருபது விநாடி என்றாலே ஒரு மணி நேரம் தாண்டும். அங்கே ஒரே ஒரு முறை, நிறுத்தி, தெளிவாக வாசிப்பதே சரி.

அடுத்து ஏழு பேர் மூன்று முறை சுடுவார்கள். பலரும் இதை 21 குண்டு மரியாதை என்பார்கள். அது பீரங்கி மரியாதை, இது வேறு. பழைய எம்1 கரண்ட் ரைஃபிளில் வெற்றுத் தோட்டா (குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் தருவது) போட்டால், அதற்கான இணைப்பு இல்லாமல் அடுத்த தோட்டா தானாக ஏறாது. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்தாக வேண்டும். ஒருவர் பிந்தினால் வெடிச்சத்தம் சிதறும்.

கடைசியாக டாப்ஸ், பியூகிள் என்ற ஊதுகொம்பில் வாசிக்கும் அஞ்சலி இசை, 24 சுரங்கள். குளிரில் நெடுநேரம் நின்ற உதடு ஒத்துழைக்காது. 1963இல் கென்னடியின் இறுதிச் சடங்கில் ஆறாவது சுரம் பிசிறியது உலகுக்கே கேட்டது. ஊதுபவர் கிடைக்காத இடத்தில் பதிவு செய்த இசையை ஒலிக்கும் டிஜிட்டல் பியூகிளைப் பயன்படுத்தலாம். பொத்தானை அழுத்திச் சில விநாடி கழித்துத்தான் ஒலி வரும்; அதற்குள் கருவி உதட்டுக்குப் போயிருக்க வேண்டும். அன்று காலையே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.