பின்கதவை மட்டும் தனியா வாங்கினீங்களா?

புதுக் கார் வந்து எட்டாவது நாள். காலை வெயிலில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அழுக்கு ஒன்றும் இல்லை, சும்மா ஓர் ஆசைதான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, பின்கதவை மட்டும் தனியா வாங்கினீங்களா?"

"நிழல்" என்றேன்.

"வெயில் நேரா அது மேலதான் அடிக்குது."

காரைத் திருப்பி நிறுத்தினேன். நிழல் இடம் மாறியது, கதவு மாறவில்லை. கார் முழுக்க வெள்ளி. இடதுபக்கப் பின்கதவு மட்டும் வெள்ளியை அடகு வைத்துவிட்டு வந்தது போல ஒரு சாம்பல். எட்டு நாள் என் கண்ணில் படாத அது, அதற்கப்புறம் வேறெதையும் கண்ணில் பட விடவில்லை.

ராத்திரி தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறம்! நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் சூரியன் வந்து காரியத்தைக் கெடுத்தது. இனி இரவில் மட்டும் ஓட்டினால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

ஷோரூமில் அட்வைசர் முதலில், "புது பெயின்ட் செட் ஆகக் கொஞ்ச நாளாகும் சார்" என்றார். நான் நகரவில்லை. "பம்பர் பிளாஸ்டிக் சார், தனியா பெயின்ட் பண்ணுவாங்க. உலோகத்துக்குக் கொடுக்கிற சூட்டை அது தாங்காது. அதனால லேசா வித்தியாசம் இருக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நான் காட்டியது கதவை. கடைசியாக, "உங்க கண்ணு ரொம்ப ஷார்ப் சார்" என்றார். கண் என்னுடையது இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

அப்புறம் பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வந்தது. பானெட் 115 மைக்ரான், முன்கதவு 120. பின்கதவில் வைத்தபோது 270. தலைமுடியே கிட்டத்தட்ட 70 மைக்ரான்தான். என் கதவு இரண்டு முடி கனத்துக்கு அதிகமாகப் போர்த்திக்கொண்டிருந்தது. அட்வைசர் கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். 270. "வர்ற வழியில லேசா உரசியிருக்கும் சார், சரி பண்ணித்தான் அனுப்பியிருப்பாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் பெயின்டர்தான். காரை அவர் நேராகப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து ஓரமாகப் பார்த்தார். "சில்வர்தான் சார் இருக்கிறதிலேயே படுத்தும்" என்றார். பெயின்டுக்குள் இருக்கும் அலுமினியத் துகள்கள் தட்டையாகப் படுத்தால் பளிச்சென்று இருக்குமாம். ஈரம் அதிகமாக அடித்துவிட்டால் தாறுமாறாக நின்று கருத்துவிடுமாம். ஒரே கலர் நம்பர், ஒரே டப்பா; அடிக்கிற கை மாறினால் நிறமும் மாறும். தெருவிளக்கில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். "அந்த வெளிச்சத்துல எல்லாமே மஞ்சள்தான் சார்" என்று சிரித்தார்.

"சரி, கதவை மட்டும் அடித்துக் கொடுங்கள்."

"கதவை மட்டும் அடிச்சா மறுபடி இதே கதைதான். முன்கதவு, பின்பக்க ஃபெண்டர் ரெண்டுக்கும் கலரைக் கொஞ்சம் இழுத்துக் கரைச்சு விடணும். அப்புறம் மூணுக்கும் சேர்த்து கிளியர் கோட், அதான் கலர் இல்லாத மேல்பூச்சு."

ஒரு கதவு சரியில்லை என்று சொன்னதற்கு நல்லா இருக்கிற இரண்டையும் சுரண்ட வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஆனாலும் சின்ன அட்டைகளில் அடித்துப் பார்த்து, வெயிலில் கதவோரம் வைத்து, நாலாவது அட்டையில்தான் அவர் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் நானும் தலையாட்டிவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து கார் வந்தது. ஒரு மாதத்துக்கு வாக்ஸ் போடக் கூடாது என்று உத்தரவு. மனைவி காலை வெயிலில் மூன்று சுற்றுச் சுற்றினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கதவு நல்லாதான் வந்திருக்கு" என்றாள். அப்புறம் முன்பக்கம் போய்க் குனிந்தாள். "ஏங்க, இந்த பம்பர்..."

"அது பிளாஸ்டிக்மா, தனியா பெயின்ட் பண்ணுவாங்க. உலோகத்துக்குக் கொடுக்கிற சூட்டை அது தாங்காது" என்றேன். குரல் அச்சு அசலாக அந்த அட்வைசருடையது.