இன்டெல் கழற்றி எடுத்த பூட்டு

2015-இல் ஆறாம் தலைமுறை கோர் பிராசஸர்களோடு இன்டெல் நிறுவனம் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை மறையாக்கம் செய்து, தனி அறைபோல ஒதுக்கி, அதற்குள் ஓடும் நிரலை விண்டோஸோ லினக்ஸோ, கணினியின் சொந்தக்காரரோகூட எட்டிப் பார்க்க முடியாதபடி பிராசஸரே காவல் காப்பதுதான் அந்த ஏற்பாடு. 11-ஆம் தலைமுறையில் தனிநபர் கணினிகளுக்கான பிராசஸர்களிலிருந்து அது நீக்கப்பட்டது. தரவுத்தாளில், கைவிடப்பட்ட தொழில்நுட்பங்களின் பட்டியலில் ஒரு வரியாக இருந்த இந்தச் செய்தி பரவலாகக் கவனிக்கப்பட்டதே 2022-இன் தொடக்கத்தில்தான்.

இதனால் நேரடியாக அடிபட்டவர்கள் 4கே புளூ-ரே டிஸ்க்குகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். கணினியில் அவற்றை முறைப்படி இயக்கும் மென்பொருள், டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் வேலையை எஸ்ஜிஎக்ஸ் அறைக்குள்தான் செய்தது. ஆகவே ஏழாம் தலைமுறைக் கணினியில் ஓடிய படம், அதைவிடப் பல மடங்கு வேகமான 12-ஆம் தலைமுறைக் கணினியில் ஓடவில்லை.

எஸ்ஜிஎக்ஸ் என்ற இந்தப் பூட்டும் அத்தனை உறுதியாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018-இல் வெளிவந்த ஃபோர்ஷேடோ தாக்குதல், பிராசஸர் முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் கணக்குகளின் வழியே உள்ளிருந்த மறையாக்கச் சாவிகளைப் படித்துக் காட்டியது. 2019-இன் பிளண்டர்வோல்ட் இன்னும் விசித்திரமானது: மென்பொருள் மூலமாகவே மின்னழுத்தத்தைக் குறைத்து, அறைக்குள் நடக்கும் பெருக்கல் கணக்கைத் தவறச் செய்து, அந்தத் தவறிலிருந்து ஆய்வாளர்கள் சாவியைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மருந்தாக வந்த பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகளில் மின்னழுத்தத்தை மாற்றும் வழியே அடைக்கப்பட்டது. சூட்டைத் தணிப்பதற்காக அந்த வழியைப் பயன்படுத்திவந்த மடிக்கணினிக்காரர்களில் பலர், எஸ்ஜிஎக்ஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டிராதவர்கள், தங்களுக்கு இருந்த வசதியை இழந்தார்கள்.

சர்வர்களுக்கான சியான் பிராசஸர்களில் மட்டும் இது தொடர்கிறது, வளர்ந்தும் இருக்கிறது. தொடக்கத்தில் 128 எம்பிக்கு மேல் போகாதிருந்த அறை, 2021-இன் சியான்களில் பிராசஸர் ஒன்றுக்கு 512 ஜிபி வரை விரிந்தது. அங்கே அதற்குப் பொருத்தமான வேலை இருக்கிறது: பயனரின் தொடர்பு எண்களை, ஏற்கெனவே செயலியில் இருப்பவர்களின் எண்களோடு தன் சர்வரே பார்க்க இயலாதபடி ஒப்பிடுவதற்கு, சிக்னல் என்ற செய்திச் செயலி இதைத்தான் பயன்படுத்துகிறது. வீட்டுக் கணினியிலோ அது பெரும்பாலும் சொந்தக்காரரிடமிருந்தே எதையோ மறைத்துக்கொண்டிருந்தது. ஆகவே நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் டிஸ்க் வாங்கும்போது இந்தப் பூட்டை நிபந்தனையாக வைத்தவர்கள், இன்டெல் அதைக் கழற்றிய பிறகு வாங்கியவருக்கு மாற்றுவழி எதுவும் தரவில்லை.

4கே டிஸ்க்குகளைக் கணினியில் பார்ப்பவர்கள், எஸ்ஜிஎக்ஸ் வேலை செய்யும் பழைய கணினி கையில் இருந்தால், அதில் டிஸ்க் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்காமல் அதை எடைக்குப் போட வேண்டாம்.