முடி மாத்திரையால மறைஞ்சு போன தைராய்டு: என்ர மூணு மாச அலைச்சல்

போன ஐப்பசியில இருந்து டிப்ரஷனுக்கு மாத்திரை எடுத்துட்டு இருக்கேனுங்க. தூக்கம் வந்துச்சு, அழுகை கொறஞ்சுது, ஆனா உடம்பு மட்டும் எந்திரிக்கவே மாட்டேன்னு கெடந்துச்சு. தை மாசம் இங்க கோபியில பாக்குற டாக்டர் தைராய்டு டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு, டிஎஸ்ஹெச் (தைராய்டு சரியா வேலை செய்யலைன்னா ரத்தத்துல ஏறுற ஹார்மோன்) 3.8னு வந்துச்சு. "தைராய்டெல்லாம் ஒண்ணுமில்லம்மா, மனசுதான்"னு சொல்லி டிப்ரஷன் மாத்திரை டோஸை ஏத்தி விட்டுட்டாரு.

அந்த ஒரு வார்த்தையை நம்பி மூணு மாசம் போச்சு. முடி கொத்துக் கொத்தா கொட்டுது, மலச்சிக்கல், சோறு எறங்கறதில்ல ஆனா எடை 6 கிலோ ஏறிருச்சு. பங்குனி வெயில்ல வீட்டுல எல்லாரும் ஃபேனுக்கு அடியில கெடக்கறாங்க, நான் மட்டும் சென்னிமலைப் போர்வையை இழுத்துப் போத்திட்டு நடுங்கிட்டு இருக்கேன். அம்மா பண்ணாரிக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டி விட்டுச்சு. இதுவும் டிப்ரஷன்தான்னு நானே நெனச்சுட்டேன், ஏன்னா ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்குதுல்ல.

சித்திரையில கோயமுத்தூர்ல ஒரு பெரிய டாக்டரைப் பாக்கலாம்னு விடியக்காலம் பஸ் ஏறிப் போனா, கவுண்டர்ல இருந்த பையன் பழைய ரிப்போர்ட் பேப்பரா ஓணும், ஃபோன்ல இருக்கறது செல்லாதுன்னுட்டான். பிரிண்ட் எங்க எடுக்கறதுங்கன்னு கேட்டா நிமிந்து கூட பாக்கல. ஒவ்வொரு கடையாத் தேடி அலைஞ்சு எடுத்துட்டு வந்தா டோக்கன் முடிஞ்சுபோச்சு. திரும்பி வர்ற பஸ்ஸுல அன்னூர் வரைக்கும் அழுதுட்டே வந்தேன். யாராச்சும் போறதா இருந்தா எல்லா ரிப்போர்ட்டையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க.

அடுத்த வாரம் மறுக்கா போனேன். அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே "சாப்பிடற மாத்திரை அத்தனையும் டேபிள்ல எடுத்து வைங்க"ன்னாங்க. டிப்ரஷன் மாத்திரை, கால்சியம், அப்பறம் முடி கொட்டுதேன்னு மெடிக்கல்ல நானா கேட்டு வாங்குன பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை. அந்த அட்டையைத் திருப்பிப் பாத்துட்டு, எத்தனை நாளா சாப்பிடறீங்க, தை மாசம் டெஸ்ட் எடுத்த அன்னிக்குக் காலையில சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. சாப்பிட்டிருந்தேன். ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதுமாம், அந்த மாத்திரையில 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். சில மிஷின்ல தைராய்டு பாக்கற முறையே பயோட்டினை வெச்சுத்தானாம், ரத்தத்துல அது நெறைய இருந்தா டிஎஸ்ஹெச் பொய்யா கொறைச்சுக் காட்டுமாம், டி4ங்கற தைராய்டு ஹார்மோனைப் பொய்யா ஏத்திக் காட்டுமாம். அமெரிக்காவுல 2017லயே அரசாங்கம் இதைப் பத்தி எச்சரிக்கை விட்டிருக்குதுன்னாங்க. கோபி லேப்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

ரெண்டு நாளாச்சும் நிறுத்தோணும்னாங்க, நான் மூணு நாள் நிறுத்திட்டுக் குடுத்தேன். டிஎஸ்ஹெச் 18.6, ஃப்ரீ டி4 கொறைவு, ஆன்டி டிபிஓ (உடம்பே தைராய்டுக்கு எதிரா உண்டாக்கற ஆன்டிபாடி) அதிகம். ரிப்போர்ட்டைக் கையில வாங்கினப்ப எனக்கு நெம்ப நிம்மதியா இருந்துச்சுங்க, நோய் வந்ததுக்கு இல்ல, நான் சோம்பேறி இல்லைன்னு ஒரு பேப்பர் சொல்லுதேன்னு.

இதைப் பாத்துட்டு அம்மா, "அப்பறம் எதுக்குக் கண்ணு அந்த மனசு மாத்திரை, தூக்கிப் போடு சாமி"ன்னு பிடிச்சுக்குச்சு. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணீராதீங்க. நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். டிப்ரஷன் இருக்கற நெறையப் பேருக்குத் தைராய்டு நார்மலாத்தான் இருக்கும், சிலருக்குத் தைராய்டு கொறைஞ்சதே டிப்ரஷன் மாதிரி தெரியும், உங்களுக்கு ரெண்டும் சேந்து இருக்கலாம், எதையும் நீங்களா நிறுத்தக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாங்க. மனசு சம்பந்தமா லித்தியம்ங்கற மாத்திரை எடுக்கறவங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டாயம் தைராய்டு பாக்கோணுமாம்.

தைராக்ஸின்ங்கற தைராய்டு ஹார்மோன் மாத்திரையை 50 மைக்ரோகிராம்ல ஆரம்பிச்சாங்க. காலையில எந்திரிச்சதும் வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் காப்பி. கால்சியத்துக்கு நாலு மணி நேரம் இடைவெளி, அதனால அதை ராத்திரிக்கு மாத்திட்டேன். ஒரே வாரத்துல பலன் தேடாதீங்க, ஆறு வாரம் கழிச்சுத்தான் டெஸ்ட்டே எடுக்கச் சொல்லுவாங்க. ஆனியில எடுத்தப்ப டிஎஸ்ஹெச் 6.9, டோஸ் 75 ஆச்சு.

அன்னிக்குக் கோபி லேப்லயே போயி, தை மாசம் நடந்ததைச் சொல்லி, பயோட்டின் சாப்பிடறாங்களான்னு எல்லார்கிட்டயும் கேளுங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு "ஃபார்ம்ல அதுக்கு எடம் இல்லீங்க்கா"ன்னுச்சு. பேனாவை வாங்கி என்ர ஃபார்ம்ல ஓரத்துல நானே எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அடுத்த டெஸ்ட் ஆடி 18 கழிச்சு. போர்வையை இப்பத்தான் தொவைச்சு மடிச்சுப் பீரோவுல வெச்சேன்.