லயத்து வீட்டில் ஒரு சிறை அறை

பத்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிறைக் கதை. இரண்டு கைதிகள், ஓர் அறை, ஒரு மழை, அவ்வளவுதான். எல்லோருக்கும் வேலை இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் ஆள் காலி செய்த பழைய லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருக்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிக் கடைசி வீட்டை எடுத்துக்கொண்டோம். பலகைச் சுவர், தகரக் கூரை, முன்னால் அஞ்சடித் திண்ணை. பெரிய கைதியாக நடிப்பவர் என் தாய்மாமா. வயது 71. முப்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இளம் கைதி என் தம்பி. ஒலிக்குத் தங்கை, சித்தப்பா மகள். கேமரா என் கைப்பேசிதான்.

சிறையையும் நம்பிக்கையையும் வசனம் இல்லாமல், படமாகவே காட்ட முடியுமா என்பதுதான் எனக்குள் இருந்த கேள்வி. இதுவரை செய்து பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

முதல் ஞாயிறு

பிவிசி குழாய்களை வெட்டிக் கறுப்புச் சாயம் அடித்துக் கம்பிகளாக நிறுத்தினோம். கம்பிக்குப் பின்னால் மாமா முகம். பதினாறு ஷாட் எடுத்தோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பள்ளி ஆண்டுவிழா நாடகம் போல இருந்தது. கம்பி தெரிகிறது, அடைபட்ட உணர்வு இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த அறை 10க்கு 12 அடிதான். நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும். படத்தில் அது மண்டபம் மாதிரி விரிந்து தெரிந்தது. கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணம் உடையது. அறைக்குள்ளேயே நின்று அதில் எடுத்தால், பக்கத்தில் உள்ளது பெரிதாகவும் பின்சுவர் தூரமாகவும் போய்விடும். இருக்கிற இடத்தைக் காட்ட எடுத்த ஷாட்டே இல்லாத இடத்தைக் கொடுத்துவிட்டது.

இடைப்பட்ட வாரம்

'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தை மூன்று இரவு பார்த்தேன். 1994இல் வந்தது. இயக்கம் ஃபிராங்க் டாரபாண்ட், ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ், இசை தாமஸ் நியூமன். ஏற்கெனவே பலமுறை பார்த்த படம்தான். இந்த முறை முதல் இரவு ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பார்த்தேன். கதை தெரிந்த படத்தை இப்படிப் பார்த்தால் கேமரா என்ன செய்கிறது என்பது தனியாகக் கண்ணில் படும். படம் எடுக்க ஆசை உள்ள யாருக்கும் இதைச் சொல்வேன்.

நாயகன் ஆன்டி சிறைக்கு வரும் இடத்தில் கேமரா வானத்தில் இருக்கிறது. வண்டி வருவதைக் காட்டி, கட்டடத்தின் மேல் பறந்து, முற்றத்தில் எறும்பு போல நிற்கும் கைதிகளைக் காட்டுகிறது. சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அந்த ஒரே ஷாட்டில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்து ஆன்டி உள்ளே நடக்கும்போது, அவன் கண்ணாக மாறி, கற்சுவரை அண்ணாந்து பார்க்கிறது. மேலிருந்து பார்த்தபோது சிறியதாகத் தெரிந்தது கீழிருந்து பார்க்கும்போது தலைமேல் கவிழ்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில்தான் அந்தப் பயம் இருக்கிறது. கம்பிக்கு அங்கே பெரிய வேலையே இல்லை.

நம்பிக்கை வரும் இடங்களைத் தனியாகக் குறித்தேன். கூரைக்குத் தார் பூசும் இடத்தில் பீர் குடிக்கும் காட்சியில் வெயில் மஞ்சளாக விழுகிறது. அதுவரை பார்த்ததெல்லாம் சாம்பலும் நீலமும். மொட்ஸார்ட்டின் 1786ஆம் ஆண்டு ஓப்பரா பாட்டு ஒலிபெருக்கியில் வரும் காட்சியில் முற்றத்துக் கைதிகள் எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். கேமரா மட்டும் அவர்கள் தலைக்கு மேல் நகர்கிறது. ஆட்கள் அசையவில்லை, பார்வை அசைகிறது. தப்பித்தபின் மழையில் கையை விரித்து நிற்கும்போது கேமரா நேர் மேலே இருக்கிறது. முதலில் சிறையை மேலிருந்து காட்டிய அதே கோணம். அங்கே மனிதன் புள்ளியாக இருந்தான், இங்கே படச்சட்டம் முழுக்க அவன்தான்.

பல வருஷம் சிறையில் இருந்த முதிய கைதி புரூக்ஸ் தாத்தாவின் பகுதி எனக்கு மிகவும் கனமானது. விடுதலையான பிறகு அவர் தங்கும் அறை சிறை அறையைப் போலவேதான் தெரிகிறது. கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அடைப்பை இடத்தில் தேடாமல் ஆளிடம் தேடியிருக்கிறார்கள்.

அந்தப் படம் எடுத்தது ஒஹாயோவில் 1990இல் மூடப்பட்ட நிஜமான சிறையில். ஆனால் கைதிகளின் அறைகளை அங்கே எடுக்காமல் பக்கத்தில் ஒரு காலித் தொழிற்கூடத்தில் செட் போட்டிருக்கிறார்கள். நிஜச் சிறையில் அறைகள் எதிரெதிராக இல்லையாம். இதைப் படித்ததும் எனக்குத் துணிச்சல் வந்தது. நிஜ இடமே கேமராவுக்காக மாறலாம் என்றால், லயத்தில் இரண்டு பலகையைக் கழற்றினால் என்ன?

இரண்டாம் ஞாயிறு

கழற்றினோம். பின்பக்கச் சுவரில் ஆணி துருப்பிடித்த இரண்டு பலகை. முடிந்ததும் மறுபடி அடித்துக் கொடுப்பதாக நிர்வாகத்திடம் முன்பே சொல்லிவிட்டோம். கைப்பேசியைப் பின்கட்டில் பதினைந்து அடி தள்ளி முக்காலியில் வைத்து, மூன்று மடங்கு லென்ஸில் அந்த இடுக்கு வழியாக எடுத்தேன். தூரத்திலிருந்து நெருக்கிப் பார்க்கும்போது மாமாவுக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த எதிர்ச்சுவருக்கும் நடுவில் இருந்த எட்டு அடி காணாமல் போய்விட்டது. சுவர் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டது. அடுத்து அவரைப் படச்சட்டத்தின் கீழ்ப்பகுதியில் வைத்து, தலைக்கு மேல் வெறும் பலகையை நிறைய விட்டேன். திரையில் பார்த்த மாமா, "என்னப்பா, சுவரு என்மேல உக்காந்திருக்கு!" என்றார். பிவிசி குழாய்களை அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிட்டோம்.

மூன்றாம் ஞாயிறு

இந்தப் படம் எனக்குப் பிடிபட்டது இந்த நாளில்தான், அதுவும் மாமாவால்.

கைதி நாளை எண்ணுவதற்குச் சுவரில் கோடு கிழிப்பான் என்று எழுதியிருந்தேன். எல்லாப் படத்திலும் வருவதுபோல நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. மாமா ஆணியைக் கையில் வாங்கினார். மேல் இடப்பக்கத்திலிருந்து கீழ் வலப்பக்கமாகச் சாய்த்து ஒரு கோடு இழுத்தார். பால்மரத்துப் பட்டையில் வெட்டும் அதே சாய்வு. கை தானாகப் போய்விட்டது. நான் திருத்தவில்லை. அதன் கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று.

"எத்தனை நாளுக்கு எத்தனை கோடு மாமா?" என்று கேட்டேன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு. தினம் வெட்டினா மரம் செத்துரும்."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சா வெட்டு இல்ல. பட்டை நனைஞ்சா பால் ஓடிரும். அன்னிக்குச் சம்பளம் போகும், ஆனா மனசு லேசாயிரும். அந்த நாளுக்குக் கோடு கிடையாது."

படத்தின் கதையை அன்றிரவே மாற்றினேன். பெரிய கைதி முன்னாள் பால்மரத் தொழிலாளி. சுவர்தான் அவர் மரம். மழை நாள் தண்டனைக் கணக்கில் வராத நாள். நம்பிக்கை என்ற சொல்லை எங்கேயும் யாரும் சொல்லப்போவதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தையே சிறை என்று காட்ட எனக்கு விருப்பம் இல்லை. மாமா அந்த வாழ்க்கையை அப்படி நினைத்ததில்லை. ஆனாலும் வெயில் ஏறக் காத்திருந்தபோது அவர் அம்மா சொன்ன மலாயா அவசரகாலக் கதையைச் சொன்னார். 1948க்குப் பிறகு லயத்தைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் கேட்டு அடைப்பு. காலையில் வேலைக்குப் போகும்போது சோற்றைக் கொண்டுபோகவிடாமல் சோதனை. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று. பாட்டிக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது வேலி இல்லை, கேட்டுச் சங்கிலியின் சத்தம் என்றார். அதைத் தங்கை குறித்துக்கொண்டாள்.

நான்காம் ஞாயிறு

வெளிச்சம். அறைக்கு ஒரே ஜன்னல், கிழக்கே பார்த்தது. செம்பனை ஓலைகளைத் தாண்டி வெயில் சுவரைத் தொடுவது காலை 9.10க்கு, 9.45க்குப் போய்விடும். அந்த 35 நிமிடம்தான் எங்கள் விளக்கு. மற்ற இடுக்கையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்தோம். வெளிச்ச அளவைப் பூட்டி, ஒரு படி குறைத்தேன். பூட்டாமல் விட்டால் கைப்பேசி இருட்டைத் தானாகப் பிரகாசமாக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நிற அளவை உள்ளே 4200 கெல்வினில் வைத்தேன், பகல் வெளிச்சம் லேசாக நீலமாகும். மழைக் காட்சிக்கு 6000 என்று முடிவு செய்தோம், அதில் தோல் நிறம் சூடாக வரும். பின்னால் மென்பொருளில் நீலம் பூசியதைவிட இது எவ்வளவோ இயல்பாக இருந்தது.

ஐந்தாம் ஞாயிறு

மழை. தகரத்தில் கொட்டியதில் ஒரு வசனமும் கேட்கவில்லை. அந்த நாள் போயிற்று. ஆனால் தங்கை அந்தச் சத்தத்தை இருபது நிமிடம் பதிவு செய்தாள்.

ஆறாம் ஞாயிறு

சிறைத் தாழ்வாரத்துக்குக் கோயில் மண்டபத்தின் பின்நடையைக் கேட்டு வாங்கினோம். குழல்விளக்கில் எடுத்ததும் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடின. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான் வினாடிக்கு 24 பிரேம், ஷட்டர் 48இல் ஒரு பங்கு என்று வைத்திருந்தேன். 25 பிரேம், 50இல் ஒரு பங்கு என்று மாற்றியதும் பட்டை நின்றது. மலேசியாவில் உள்ளரங்கில் எடுப்பவர்கள் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

ஒலிக்கு என் வழிகாட்டி ராபர்ட் பிரெஸ்ஸானின் 'எ மேன் எஸ்கேப்டு'. 1956இல் வந்த பிரெஞ்சுப் படம். 1943இல் லியோன் நகரத்து மான்ட்லுக் சிறையிலிருந்து நிஜமாகவே தப்பித்த ஒருவரின் கதை. காவலாளியை அதிகம் காட்டமாட்டார், சாவி கம்பியில் உரசும் சத்தம் மட்டும் வரும். வெளியே ரயில் கூவும். அந்தக் கூவல் வரும்போதெல்லாம் சுவருக்கு அப்பால் ஓர் உலகம் இருப்பது காதில் தெரியும். எங்களுக்கும் ரயில் பக்கத்திலேயே இருக்கிறது. சுங்கை சிப்புட் நிலையத்தைத் தாண்டி வடக்கே போகும் ரயிலின் ஒலியை லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து பிடித்தோம். சிறைக் கதவை நாங்கள் ஒருதடவைகூடக் காட்டவில்லை. சங்கிலிச் சத்தம்தான் கதவு. பாட்டியின் ஞாபகத்திலிருந்து வந்தது அது.

எட்டாம் ஞாயிறு

நடுவில் ஒரு வாரம் வானம் வெளுத்துக் கிடந்தது, எடுக்க முடியவில்லை. இந்த வாரம் மதியம் மூன்று மணிக்கு இடி.

அறைக்குள் இதுவரை கேமராவை ஒருதடவைகூட அசைக்கவில்லை. முக்காலியிலேயே ஆறு நிமிடப் படம் நின்றிருக்கிறது. நம்பிக்கையை முதல் நிமிடத்திலேயே செலவழித்தால் கடைசியில் கொடுக்க ஒன்றும் இருக்காது என்று ஷாஷாங்க் பார்த்தபோதே எழுதிவைத்திருந்தேன். அதனால் அந்த அசைவை மழைக்காக வைத்திருந்தோம். மேலிருந்து எடுக்க டிரோன் இல்லை. செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பில் அரிவாளைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் பையில் போட்ட கைப்பேசியைக் கட்டினோம். முதல் தடவை கம்பு ஆடி, படம் தலைசுற்றியது. நுனியிலிருந்து இரண்டு கயிறு இறக்கி ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்ததும் நிலைத்தது. கம்பை நான் மெதுவாக உயர்த்தினேன்.

மாமாவிடம் கையை விரிக்கச் சொல்லவில்லை. அது வேறொருவர் படம். நடைநேரத்தில் முற்றத்தில் மழை பிடிக்கிறது, எல்லோரையும் உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஓடவில்லை. பால்மரத்தடியில் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைக் கவிழ்ப்பதுபோலக் குனிந்து, இல்லாத மங்கு ஒன்றைக் கையால் கவிழ்த்தார். அப்புறம் நிமிர்ந்து அடுத்த மரத்துக்கு. ஒரு நிரை முழுக்கப் போய்வந்தவர் போல நின்றார். கம்பைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது படத்தில் லேசாகத் தெரிகிறது. அதை நீக்கமாட்டேன்.

இப்போதைய நிலை

முதல் தொகுப்பு 8 நிமிடம் 40 வினாடி. மழை ஷாட் 52 வினாடி, வெட்டே இல்லை. முழுப்படமும் 4:3 சட்டத்தில் இருக்கிறது. மழையில் சட்டம் அகலமாக விரியும்படி செய்து பார்த்தேன். பார்க்கிறவர் கவனம் மாமாவை விட்டுச் சட்டத்தின் மேல் போயிற்று. அந்த விரிப்பை நீக்கிவிட்டேன். டாரபாண்டின் ஷாஷாங்க் திரைக்கதை முதலில் ஆன்டியைத் தேடிப் போகும் நண்பனின் பேருந்துப் பயணத்தோடு முடிந்ததாம். நண்பர்கள் சந்திப்பதைக் காட்ட வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு கேட்டதால் கடற்கரை சேர்ந்தது. அந்தச் சந்திப்பையும் வெகுதூரத்தில் வைத்து எடுத்திருப்பதால் அது என்னை உறுத்தவில்லை. எனக்கு அப்படி ஒரு கடற்கரை தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஒரே ஒரு ஷாட் பாக்கி. மழைக்கு மறுநாள் காலை, 9.10 வெயில், சுவர் மட்டும். தம்பி கையில் ஆணி இருக்கும், ஆனால் புதுக் கோடு இருக்கக் கூடாது. மழைக்கு முன்னால் எடுத்த சுவரில் 43 கோடு. மாமா நேற்று போன் செய்து, "நான் போய் எண்ணிப் பார்த்துவிட்டேன், 43தான் இருக்கிறது, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்" என்றார்.